வேலி கடந்து வரும் பால்ரொபி

நத்தார்ப் பண்டிகைப் பலகாரங்களுள் முடிசூடி வீற்றிருப்பது கேக்கு என்பதை எவரும் மறுக்கமாட்டார். கார்த்திகை மாதத்திலேயே அதற்குரிய பழவற்றல்கள் நறுக்கப்பட்டுப் பிராந்தியில் ஊறத் தொடங்கிவிடும். இத்தனை முட்டை, இத்தனை இறாத்தல் பட்டர் என்று பெண்கள் தமக்குள் கணக்குக் கூறுகையில் குரலில் ஒரு பெருமிதமும் தொனிக்கும். ஆயினும், அக்கேக்கு எத்துணைச் சிறப்புடையதாயினும், எமது ஊரில் அது படியேற முடியாத வீடுகள் பல உண்டு. அவ்வீடுகளுக்கு அதன் சார்பிலே தூது செல்லும் எளிய பண்டம் ஒன்று இருக்கின்றது. அதுதான் பால்ரொபி. அதனைக் காய்ச்சும் முறையையும், அது வேலி கடந்து வரும் கதையையும் இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

கேக்கு ஏன் சில வீடுகளுக்குப் போவதில்லை என்பதை இளம் வாசகர்க்குச் சிறிது விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுள் முட்டையை முற்றாக விலக்கியவை பல. விலக்காத குடும்பங்களும் விரத நாட்களில் அதனைத் தீண்டுவதில்லை. மார்கழியோ விரதங்கள் மலிந்த மாதம். கார்த்திகைப் பூரணைக்குப் பின் தொடங்கி இருபத்தொரு நாள் நிகழும் விநாயகர் பெருங்கதை விரதம் ஒன்று. திருவாதிரையோடு நிறைவெய்தும் பத்து நாள் திருவெம்பாவை மற்றொன்று. இவை திதியையும் நட்சத்திரத்தையும் பின்பற்றுவன ஆதலின் ஆண்டுதோறும் முன்பின்னாக நகரும். நத்தாரோ டிசெம்பர் 25ஆம் திகதியை விட்டு அசைவதில்லை. சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து பொருந்தும். 2023ஆம் ஆண்டில் திருவாதிரை டிசெம்பர் 27ஆம் திகதி வந்தது. நள்ளிரவுப் பூசை முடிந்து ஒரு வீட்டார் உறங்கச் சென்ற சில மணி நேரத்தில், அடுத்த வீட்டார் சங்கும் சேமக்கலமும் கேட்டுத் திருவெம்பாவைக்கு எழும் ஆண்டு அது. அத்தகைய நாளில் முட்டை சேர்ந்த கேக்கை விரத வீட்டுக்கு அனுப்பினால், பெற்றவர் முகமலர்ந்து வாங்கி வைப்பார். பின்னர் அது வேறெவர் கைக்கோ போகும். கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் உள்ளூர ஒரு கூச்சம் எஞ்சும்.

பால்ரொபிக்கு இத்தொல்லை இல்லை. பால், சீனி, பட்டர், மரமுந்திரிகைப் பருப்பு, வாசனைக்கு ஏலமோ வனிலாவோ, இவ்வளவே. எந்தச் சைவ வீட்டின் அடுக்களைக்கும் இவை அந்நியமானவை அல்ல. எமது சிறு பராயத்தில் அயல்வீட்டுக் கத்தோலிக்க மாமி ஒருவர், தட்டத்தை இரு கூறாக வகுத்து, ஒரு பாதியில் கேக்கையும் மறு பாதியில் பால்ரொபியையும் அடுக்கி, இடையில் வாழையிலை நறுக்கொன்றை மதில்போல நிறுத்தி வைப்பார். வேலிப் பொட்டுக்குள்ளால் தட்டத்தை எம்மிடம் நீட்டும்போது, "இஞ்சாலைப் பக்கம் முட்டை இல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு, தம்பி" என்பார். அவர் ரொபி காய்ச்சும் தாச்சி வேறு. மீனும் இறைச்சியும் அதிற் சமைக்கப்படுவதில்லை. இதனை அவர் ஒருபோதும் வாய்விட்டுக் கூறியதில்லை. எமது தாயார் ஒரு நாள் அவரது குசினியிற் கண்டு வந்து வீட்டிலே சொன்னார். அதன்பின் எமது பாட்டியாரும், பிற வீட்டுப் பண்டம் எதனையும் தொடாதவர், அந்த ரொபியில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளத் தலைப்பட்டார்.

முஸ்லிம் அயலவர்க்கும் இதே நுணுக்கம் வேண்டும். அவர்கட்கு முட்டை தடையன்று. கேக்கிற் கலந்த பிராந்தியே தடை. ஆகவே பழவற்றலைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துத் தனியாக ஒரு சிறு கேக்கு அவித்தெடுப்பாரும் உளர். அதற்கு நேரமில்லாதவர் பால்ரொபியை அனுப்புவர். பஞ்சுபோல மெத்தென்ற மார்ஷ்மெலோ என்னும் இனிப்பு எமது நாட்டு நத்தார் மேசைகளில் உண்டு. சிறுவர்க்கு அதில் அளவற்ற ஆசை. ஆனால் அதனை உறையச் செய்யும் ஜெலற்றின் விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து பெறப்படுவது. சைவரும் முஸ்லிம்களும் அதனைத் தவிர்ப்பது அக்காரணத்தாலேயே. இவ்வாறு பார்த்துக்கொண்டு போனால், நாலா சமயத்தாரும் ஐயமின்றி வாயிலிடக்கூடிய நத்தார் இனிப்பு என்று எஞ்சுவது பெரும்பாலும் பால்ரொபியும் அதன் தங்கையாகிய தேங்காய்ப்பூ ரொபியுமே.

இனிப்புக்கும் நத்தாருக்கும் தொடர்பு எவ்வாறு உண்டாயிற்று என்று மாணவர் வினவக்கூடும். ஐரோப்பாவிலே சீனி நெடுங்காலம் மருந்துக் கடையில் நிறுத்து விற்கப்பட்ட அரும்பொருளாக இருந்தது. மதெய்ராத் தீவிலும் பின்னர் பிறேசிலிலும் போர்த்துக்கேயர் அமைத்த கரும்புத் தோட்டங்களே அதனை ஓரளவு மலிவாக்கின. அத்தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் என்பதையும் சீனியின் வரலாற்றைப் படிப்போர் மறத்தலாகாது. அரும்பொருள் ஆதலின் அது ஆண்டின் பெருநாளுக்கென்று சேமித்து வைக்கப்பட்டது, பெருநாளுக்கு உரியதாயிற்று. எமது பொங்கலுக்குச் சர்க்கரை வாய்த்ததும் ஏறக்குறைய இவ்வாறே எனலாம்.

அந்தப் போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்து, 1619இல் யாழ்ப்பாண அரசையும் கைப்பற்றினர். அவர்களுடைய ஆட்சி போய் நூற்றாண்டுகள் பல சென்றும் சொற்கள் போகவில்லை. நத்தார் என்னும் சொல்லே அவர்களுடையது. குசினி, பாண், விசுக்கோத்து ஆகியவையும் அவ்வழி வந்தவை. இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் சிங்களத்திலே 'தோசி' ஆகி, நீற்றுப்பூசணிக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் செய்யும் 'புஹுல் தோசி'யிலே இன்றும் வாழ்கின்றது. நத்தார்க் கேக்குக்கு வாங்கும் பொருள்களின் பட்டியலில் அதற்கும் இஞ்சித் தோசிக்கும் தவறாத இடம் உண்டு.

பால்ரொபியின் பிறப்பு இதற்குப் பிந்தியது. அமெரிக்கராகிய கெயில் போர்டன் பாலை வெற்றிடத்தில் வற்றச் செய்யும் முறைக்கு 1856ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பத்து ஆண்டுகளின் பின், 1866இல், சுவிற்சர்லாந்தின் காம் என்னும் ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் என்ற குழுமம் அத்தகைய பாலைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது; 1905இல் அது நெஸ்லே நிறுவனத்துடன் இணைந்தது. குளிரூட்டும் பெட்டி இல்லாத வெப்ப நாடுகளில் அந்த ரின்பால் பெற்ற வரவேற்புக்குக் காரணம், அதன் நிறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சீனியாக இருப்பதே. அவ்வளவு சீனியில் கிருமிகள் பெருக முடிவதில்லை. பால் வற்றக் காத்திருக்கும் மணிக்கணக்கான வேலையை ரின் ஒன்று குறைத்துவிட்டது. அதனாலேதான் பால்ரொபி எளியவர் வீட்டுப் பண்டமும் ஆயிற்று.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேயர் தமது நாட்டில் 'ரொபி' என்று வழங்குவது, ஏறக்குறைய 150 பாகை செல்சியசுவரை காய்ச்சப்பட்டு, கடித்தால் நொருங்கும் வன்மையான பண்டம். எமது பால்ரொபியோ மென்மையும் குறுணித் தன்மையும் உடையது. இலக்கணப்படி அது அமெரிக்கர் 'பட்ஜ்' என்று கூறும் இனத்தைச் சேர்ந்தது. அந்தப் பட்ஜைப் பரப்பியோர் கல்லூரி மாணவியர் என்பது மாணவ வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி. நியூயோர்க் மாநிலத்து வாசர் கல்லூரியில் எமலின் ஹார்ட்ரிட்ஜ் என்பவர், 1888ஆம் ஆண்டில், மேல்வகுப்பு மாணவியர் நடத்திய ஏலத்துக்கென 30 இறாத்தல் பட்ஜ் செய்ததாகப் பிற்காலத்தில் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டுள்ளார். பெயரில் ஆங்கிலேயர்க்கும் தன்மையில் அமெரிக்கர்க்கும் உறவாகி, பருப்பில் எமது மண்ணுக்கு உரியதாய் நிற்கின்றது எமது ரொபி.

இனிக் காய்ச்சும் முறைக்கு வருவோம். ரின்பால் ஒன்று, பழைய அளவில் அது 14 அவுன்சு, அதாவது 397 கிராம். சீனி ஓர் இறாத்தல், அல்லது அரைக் கிலோ. தண்ணீர் கால் கோப்பை. பட்டர் இரண்டு மேசைக்கரண்டி. பிளந்து சிறிது வறுத்த மரமுந்திரிகைப் பருப்பு 100 கிராம். வனிலா ஒரு தேக்கரண்டி, அல்லது ஐந்தாறு ஏலக்காயின் பொடி. முதலில் தட்டத்துக்குப் பட்டர் பூசி ஆயத்தமாக வைத்துக்கொள்ளல் வேண்டும். ரொபி பதத்துக்கு வந்தபின் தட்டம் தேடுவாருக்கு, அது தாச்சியிலேயே கல்லாகி நிற்கும்.

அடி கனத்த தாச்சியில் சீனியையும் தண்ணீரையும் இட்டு மெல்லிய நெருப்பில் வைத்து, சீனி ஒரு குறுணியும் இல்லாது கரைந்த பின்னரே ரின்பாலைச் சேர்க்க வேண்டும். அதன்பின் அகப்பைக்கு ஓய்வில்லை. பால் அடிப்பிடிப்பதற்கு அரை நிமிடக் கவனக்குறைவு போதும். இருபது, இருபத்தைந்து நிமிடம் இடையறாது கிண்டும் இவ்வேலையே பால்ரொபியைக் கூட்டு முயற்சி ஆக்கியது என்பது எமது எண்ணம். ஒருவர் கை சோர மற்றவர் அகப்பையை வாங்குவார். அக்கா கிண்டுவாள், தங்கை பருப்புப் பிளப்பாள், தம்பிமார் நிறத்தாள்களை நீள்சதுரமாக வெட்டி, இரு ஓரங்களையும் கத்தரியால் தும்புபோலக் கீறி வைப்பர். ஆண்பிள்ளைகளும் அகப்பை பிடிக்கப் பழகுவது நன்று என்று இவ்விடத்தில் மெல்லச் சொல்லி வைக்கின்றோம். ஆனால் மிகச் சிறியோரை அடுப்பண்டை விடலாகாது. கொதிக்கும் பாகு கொதிநீரிலும் சூடு மிக்கது. தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.

கலவை தடித்து, கிண்டும்போது தாச்சியின் அடி தெரிந்து, ஓரங்களை விட்டு ஒதுங்கத் தொடங்கும். அப்போது குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையில் மென்மையான உருண்டையாகத் திரண்டால் பதம் வந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்போர்க்கு அது 112 முதல் 116 பாகை செல்சியசு. உடனே இறக்கி, பட்டர், பருப்பு, வாசனை ஆகியவற்றைச் சேர்த்து, இரண்டொரு முறை வலுவாகக் கிண்டித் தட்டத்திற் கொட்டி, பட்டர் பூசிய வாழையிலையால் அழுத்திச் சமப்படுத்த வேண்டும். இளஞ்சூட்டிலேயே கத்தியாற் கோடிட்டுவிடுவது அவசியம். முற்றாக ஆறியபின் வெட்டினால் ஓரம் உதிரும்.

ஒரு துளி நீரில் உருண்டையானால் பதம் என்பது பாட்டிமார் கண்ட சோதனை. அதன் உட்பொருளை இரசாயனம் கற்கும் மாணவர் அறிந்துகொள்ளல் நலம். தூய நீர் 100 பாகையிற் கொதிக்கும். அதிற் சீனி கரையக் கரையக் கொதிநிலை உயரும். ஆகவே கொதிக்கும் பாகின் வெப்பநிலை, அதில் எவ்வளவு சீனி, எவ்வளவு நீர் என்பதைக் காட்டும் அளவுகோலாகின்றது. 115 பாகையை அண்மிய பாகில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு சீனி. அறைவெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியையே கரைத்து வைத்திருக்க வல்லது. பாகு ஆறும்போது தன் வலிமைக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கி நிற்கின்றது. இதனையே மிகைநிரம்பிய கரைசல் என்போம். ஒரு சிறு குறுணி விழுந்தாலும், ஓர் அசைவு நேர்ந்தாலும், தாங்கிய சீனி பளிங்காகப் பிரியத் தொடங்கும். அமைதியாக நாட்கணக்கில் விட்டால் பளிங்குகள் சில, ஆனால் பெரியன, அதுவே கற்கண்டு. கிண்டிக்கொண்டே இருந்தால் பளிங்குகள் எண்ணற்றன, ஆனால் நுண்ணியன. அதுவே நாவிற் கரையும் பால்ரொபி. கற்கண்டும் பால்ரொபியும் ஒரே சீனியின் இரு பிள்ளைகள். தாச்சியின் ஓரத்தில் கரையாது ஒட்டிய சீனியை ஈரத்துணியால் துடைத்துவிடு என்று தாய்மார் கூறுவதன் காரணமும் இதுவே. அந்தக் குறுணி உள்ளே விழுந்தால் அதைச் சுற்றிப் பெரும்பளிங்கு வளர்ந்து ரொபி மணல்போல நறநறக்கும். இரண்டு துளி தேசிப்புளி விடுவாரும் உளர். புளியின் அமிலம் சீனியில் ஒரு சிறு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்துவிடுகின்றது. அவை இடையில் நின்று பளிங்கு பெருகாது தடுக்கும். அளவு மீறினால் ரொபி உறையாது.

பால்ரொபியின் பொன்னிறம் சீனி கருகுவதால் மட்டும் உண்டாவதன்று. பாலின் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் வெப்பத்தில் ஒன்றோடொன்று தாக்கமுற்று நிறமும் மணமும் தருகின்றன. 1912ஆம் ஆண்டில் இதனை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெயார்டின் பெயரால் அத்தாக்கம் வழங்குகின்றது. வறுத்த கோப்பியின் மணமும் பாண் மேலோட்டின் நிறமும் அவ்வினத்தனவே.

மலைநாட்டு வாசகர்க்கு ஒரு குறிப்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் குறைவு ஆதலின் நீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். ஆகவே வெப்பமானியை நம்பி 115 பாகைவரை காய்ச்சினால் ரொபி கல்லாகிவிடும். ஆறு பாகை கழித்தே கணக்கிட வேண்டும். குளிர்நீர்ச் சோதனைக்கோ மலையும் சமவெளியும் ஒன்றே.

வடக்குக் கிழக்கிலுள்ளோர்க்கு மழையே பெருந்தொல்லை. நத்தார் வருவது வாடைக்காற்றுப் பருவமழையின் நடுவில். சீனி காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும் இயல்பினது. வெயில் நாளிற் செய்த ரொபி உலர்ந்து நிற்க, அடைமழை நாளிற் செய்தது மேலெல்லாம் வியர்த்துத் தாளில் ஒட்டும். மழை நாளாயின் இன்னும் ஒரு பாகை கூடுதலாகக் காய்ச்சுவதும், ஆறியவுடன் எண்ணெய்த்தாளிற் சுற்றி மூடி இறுகிய ரின்னில் இடுவதும் தக்க பரிகாரம். நிறத்தாள் மேலுறையாக மட்டும் இருக்கட்டும். அதன் சாயம் ஈரத்தில் இனிப்பிற் படியும்.

இவ்வளவு விரிவாகச் சீனியைப் பற்றி எழுதும்போது, சீனி இல்லாத நத்தார் ஒன்று எமது நினைவில் எழுகின்றது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கே பொருள்கள் வருவது அரிதாயிற்று. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தல் விளக்கில் நாம் படித்த காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அதிலிருந்து எட்டு வாரத்தில் நத்தார். நாம் தங்கியிருந்த வீட்டில் ஐந்து குடும்பங்கள். அவற்றுள் ஒன்று கத்தோலிக்கக் குடும்பம். எமது அயல்வீட்டு மாமியல்லர், அதற்கு முன் நாம் கண்டறியாதவர்கள். அந்தத் தாய்க்கு மூன்று பிள்ளைகள். சீனி யானைவிலை விற்றது. ரின்பால் கண்ணுக்கும் அகப்படவில்லை. அவர் எங்கோ தேடி நான்கு குட்டான் பனங்கட்டி வாங்கி வந்தார். முற்றத்துத் தென்னையின் காய் ஒன்றை வீட்டுக்காரர் கொடுத்தார். ஒரு பிடி கச்சான் எமது தாயாரிடம் இருந்தது. தேங்காய்ப்பாலில் பனங்கட்டியைக் கரைத்து வடித்து, ஈரவிறகு புகைய, கண்ணைத் துடைத்துத் துடைத்து அவர் கிண்டினார். ஐந்து குடும்பத்துப் பெண்களும் முறைவைத்து அகப்பை பிடித்தனர்.

அது பால்ரொபி போல உறையவில்லை. பனங்கட்டியில் குளுக்கோசும் பிரக்டோசும் இயல்பாகவே கலந்திருப்பதால் அது எளிதிற் பளிங்காகாது என்ற உண்மையைப் பல்கலைக்கழகத்திற் படித்த பின்னரே அறிந்தோம். அன்று அறிந்ததெல்லாம் அது பல்லில் ஒட்டி இழுபட்டது என்பதும், ஆகையால் நெடுநேரம் நின்றது என்பதுமே. தட்டம் இல்லை, பூவரசம் இலைகளிற் பங்கிட்டார். அவர் தலைகளை எண்ணிய முறை எமக்கு இன்றும் மறக்கவில்லை. தம் பிள்ளைகளை எண்ணுமுன் மற்றை நான்கு குடும்பத்துப் பிள்ளைகளையும் எண்ணினார். திருவெம்பாவைக் காலம் அண்மித்திருந்தமையால், "இதிலை ஒண்டும் கலக்கேல்லை, அக்கா, நெய்கூட இல்லை" என்று எமது தாயாரிடம் கூறினார். எமது தாயார் ஒன்றும் சொல்லாமல் இலையை வாங்கிக்கொண்டார். அடுத்த தைப்பொங்கலுக்கு ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பானைதான். அதற்கு விறகு கொத்தியவர் அந்தத் தாயின் கணவர்.

தட்டத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பது எம்மவர் வழக்கு. நத்தாரில் வந்த தட்டம் மூன்று வாரம் எமது வீட்டிலே தங்கி, பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் சுமந்து வீடு திரும்பும். அவசரமாகத் தட்டம் தேவைப்படின் ஒரு சிறங்கை சீனியாவது இட்டே கொடுப்பர். தீபாவளிக்கு எமது பக்கத்திலிருந்து முறுக்கும் பயற்றம் பணியாரமும் செல்லும். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. அயல்வீட்டு மாமிக்கு நீரிழிவு உண்டான பின், எமது தாயார் அவருக்கென்று இனிப்பில்லாத உழுத்தம் வடையைத் தனியே மூடி அனுப்பத் தொடங்கினார்.

இன்று அந்த வழக்கம் சுருங்கி வருகின்றது. பெருங்கடைகளில் நிறப்பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பெட்டியை வாங்கிக் கொடுப்பது கைவருத்தமற்ற காரியம். வேலைக்குப் போகும் பெண்களை நோக்கி 'முன்போலக் கிண்டுங்கள்' என்று கட்டளையிட எமக்கு உரிமை இல்லை. ஆயினும், கடைப்பெட்டியைக் கொடுக்கும் ஒருவரால், 'இதில் முட்டை இல்லை' என்று பெற்றவரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. பெட்டியின் புறத்தே எறும்பெழுத்தில் அச்சிட்டிருப்பதை எமது வயதினரே மூக்குக்கண்ணாடியின்றிப் படிக்க இயலாது. படித்தாலும் ஜெலற்றின் எவ்விலங்கினது என்று அது சொல்லாது. விளைவு யாதெனில், அப்பெட்டி திறக்கப்படாமலே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கைமாறிக் கொண்டிருக்கும். சென்ற ஆண்டு நாம் ஒருவர்க்குக் கொடுத்த பெட்டியே வேறொருவர் மூலம் எம்மிடம் திரும்பி வந்தது என்றால் வாசகர் நம்புவரோ அறியோம்.

அருமைக் காலங்களில் வழக்கம் தானே உயிர்த்தெழுவதையும் கண்டோம். 2021ஆம் ஆண்டு மார்கழியில் பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு எமது ஒழுங்கையில் மூன்று கிறிஸ்தவ வீட்டார் ஒருவர் முற்றத்தில் கல்லடுப்பு மூட்டி, சீனியைப் பங்குபோட்டு, ஒரே தாச்சியில் ரொபி காய்ச்சினர். விறகு இரண்டு சைவ வீடுகளிலிருந்து போயிற்று. துண்டுகள் வழக்கத்திற் பாதியளவே. எண்ணிக்கையை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை.

தொடர்மாடி வீடுகளில் வாழ்வோர் வேலியில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஒரு ரின்பாலிற் கிடைக்கும் ரொபி, ஓர் அங்குலச் சதுரமாக வெட்டினால் அறுபது துண்டுக்குக் குறையாது. வீட்டுக்கு ஐந்தாக ஒரு மாடி முழுவதற்கும் போதும். கதவைத் தட்டுமுன் அவர் உண்பது எது, உண்ணாதது எது என்பதைக் கேட்டறிவதே முதல் வேலை. நீரிழிவாளர் உள்ள வீடாயின் வறுத்த பருப்பை மட்டும் தனியே பொட்டலமாக்கிக் கொடுக்கலாம். தூரதேசத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புவோர்க்கும் கேக்கைவிட ரொபியே வசதி. நன்கு உலர்ந்து, எண்ணெய்த்தாள் சுற்றி, இடைவெளியின்றி அடுக்கப்பட்ட ரொபி இரண்டு மூன்று வாரப் பயணத்தைத் தாங்கும். பொதியில் அமுங்கி உருக்குலைவதும் இல்லை.

எவ்வளவு கவனமாகச் செய்தும் ரொபி உறையாமற் போவதுண்டு. அதனை வீசிவிட வேண்டாம். ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மீண்டும் மெல்லிய நெருப்பில் ஏற்றி, முழுவதும் இளகியபின் இன்னும் சில நிமிடம் கிண்டிப் பதம் பார்த்து இறக்கலாம். மாறாக, கல்லாக இறுகிவிட்டதாயின் இன்னும் சிறிது பாலும் சேர்த்து அவ்வாறே செய்க. இரண்டாம் முறை காய்ச்சியதில் நிறம் சற்றுக் கடுமையாக இருக்கும். சுவை சிறிதும் குறையாது. தாச்சியின் அடியில் ஒட்டியது அன்று அகப்பை பிடித்த பிள்ளைகளுக்கு உரியது.